ஸ்பெயினில் ஓவியம் படிக்க, ஸ்பானிஷ் பேசிப் பழக: மலை மாவட்டத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறு பிற்பகல்களில் ஐந்தாறு மாணவர்களுக்கு ஓவியமும் தொடக்கநிலை ஸ்பானிஷும் சொல்லித் தருகிறேன். ஸ்பெயினின் தலைநகரான மத்ரித்தில் நுண்கலை முதுகலை படித்துவிட்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து உதகை, குன்னூர், கூடலூர் எனப் பல பக்கங்களிலிருந்தும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர்களும் கேட்டுவருபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே ஒருசேர எழுதி வைக்கிறேன். விதிமுறைகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் சமயத்தில் அவற்றை உரிய அலுவலகத்தில் மறுபடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓவியம் படிக்க அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு நுண்கலைக் கல்லூரிகள் இருக்கின்றனவே?

போகத்தான் வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எழும்பூர்க் கல்லூரியின் வரலாறு 1850இல் தொடங்குகிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமம் இன்றும் இருக்கிறது. இளங்கலையை இங்கே முடித்துவிட்டு, கை ஓரளவு பழகிய பிறகு முதுகலைக்குச் செல்வதே செலவிலும் பயனிலும் நல்லது என்பது என் கருத்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு போகிறவர்கள் முதல் ஆண்டின் பெரும்பகுதியை மொழியோடும் தனிமையோடும் மல்லுக்கட்டியே கழித்துவிடுகிறார்கள்.

போவதற்கான உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால், அது மூலப்படைப்பை நேரில் பார்ப்பதுதான். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தை நான் புத்தகத்தில் உள்ளங்கை அளவில்தான் பார்த்திருந்தேன். மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் அது மூன்று மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், அந்த அறைக்குள் நாமும் நிற்கிறோமோ என்று ஐயுறும்படி இருக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால், சிறிய இளவரசியின் கைச்சட்டையில் இழை இழையாக வரைந்தது என்று நான் நம்பியிருந்த சரிகை, நான்கைந்து அவசரமான தூரிகைத் தீற்றல்களாகக் கலைந்துவிட்டது; பத்தடி பின்னால் வந்ததும் மறுபடி சரிகையாகக் கூடிக்கொண்டது. அன்று மாலை முழுவதும் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். எந்த அச்சுப்பிரதியும் இதைக் கற்றுத் தராது.

மொழி தெரியாமல் போய், அங்கேயே பேசிப் பேசிக் கற்றுக்கொள்ள முடியாதா?

கடையில் ரொட்டி வாங்க அப்படிக் கற்றுக்கொள்ளலாம். வகுப்பறைக்கு அது போதாது. அரசுப் பல்கலைக்கழகங்களில் நுண்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷிலேயே நடக்கின்றன. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2 என்னும் மேல் இடைநிலையைப் பல துறைகள் எதிர்பார்க்கின்றன, சில அதற்கு ஒரு படி கீழான பி1 போதும் என்கின்றன.

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். உடல் வரைதல் வகுப்பின் முதல் நாளில் ஆசிரியை என் பின்னால் வந்து நின்று, தாளைப் பார்த்துவிட்டு, 'என்காஹா ப்ரிமேரோ' என்றார். 'காஹா' என்றால் பெட்டி என்பது எனக்குத் தெரியும். 'ப்ரிமேரோ' என்றால் முதலில். ஆகவே முதலில் பெட்டியில் வை என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கையிலிருந்த கரித்துண்டுகளை எல்லாம் அதன் பெட்டிக்குள் அடுக்கி, மூடியையும் மூடிவிட்டு, கைகட்டி நின்றேன். அவர் சொன்னது வேறு: உருவம் முழுவதும் தாளுக்குள் அடங்கும்படி தலை, இடுப்பு, பாதம் ஆகியவற்றின் எல்லைகளை இலேசான கோடுகளால் முதலில் குறித்துக்கொள், விவரங்களுக்குப் பிறகு போகலாம் என்பதே அந்த ஒரு சொல்லின் பொருள். சொல்லகராதியில் தேடினால் இந்தப் பொருள் பதினைந்தாவது இடத்தில்கூட இருக்காது; ஓவிய வகுப்பில் அது நாளுக்கு நாற்பது முறை காதில் விழும்.

ஆகவே பொது ஸ்பானிஷைக் குறைந்தது பி1 வரை இங்கேயே முடித்துக்கொண்டு, அதோடு பட்டறைச் சொற்களைத் தனியாகப் படித்துக்கொண்டு போங்கள். 'லியென்சோ' என்றால் கேன்வாஸ். 'பொசேத்தோ' என்றால் முன்வரைவு. 'அக்குவஃபுவேர்த்தே' என்றால் அமிலத்தால் அரித்துச் செய்யும் செதுக்கச்சு. 'போதெகோன்' என்றால் பழம், பாத்திரம் போன்றவற்றை வைத்து வரையும் நிலைப்பொருள் ஓவியம். சட்டத்தைத் தாங்கும் மரத்தாங்கியை ஆங்கில வழக்கில் நாம் 'ஈசல்' என்று சொல்லி, மழைக்காலத்துப் பூச்சியோடு குழப்பிக்கொள்கிறோம். ஸ்பானிஷில் அது 'கபயேத்தே', அதாவது குட்டிக் குதிரை. இரண்டில் குதிரையே மேல்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷ் கடினமான மொழியா?

நாம் அதை ஆங்கிலத்தின் வழியாக அணுகுவதால் கடினமாக்கிக்கொள்கிறோம். தமிழின் வழியாக அணுகினால் பல கதவுகள் தானாகத் திறக்கும்.

முதலில் ஒலிகள். ஆங்கிலம் பேசுபவர் 'பேப்பர்' என்னும்போது முதல் எழுத்தோடு ஒரு மூச்சுக்காற்றும் வெளியேறும். 'பால்' என்று நாம் சொல்லும்போது அது வெளியேறுவதில்லை. ஸ்பானிஷிலும் வெளியேறுவதில்லை. அடுத்தது, தமிழில் வல்லின எழுத்துகள் இரண்டு உயிர்களுக்கு இடையில் வந்தால் தாமாக மென்மையாகிவிடும்: 'அது' என்பதில் உள்ள துகரமும், 'மரபு' என்பதில் உள்ள புகரமும் அப்படிப்பட்டவை. ஸ்பானிஷில் பக்கம் என்று பொருள்படும் 'லாதோ'வின் நடு ஒலியும், ஓநாயைக் குறிக்கும் 'லோபோ'வின் நடு ஒலியும் ஏறத்தாழ இதே மென்மை கொண்டவை. ஆங்கிலேய மாணவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்யும் இடம் இது. ஆனால் ஆங்கிலப் பழக்கத்தில் நாம் தகரத்தை டகரமாக்கிவிடுகிறோம். தலைநகரத்தை 'மாட்ரிட்' என்பதைவிட 'மத்ரித்' என்பதே அந்த ஊர்க்காரர்களின் ஒலிப்புக்கு நெருக்கமானது.

ரகர றகர வேறுபாடும் அங்கே உயிரோடு இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். நம் பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மங்கிப் போய்விட்டது. குமரி மாவட்டத்து நண்பர்களிடம் கேட்டால் தெளிவாகச் சொல்லிக் காட்டுவார்கள். நாக்கு நுனியை அதிரவிட்டு றகரத்தை அழுத்திச் சொன்னால் வேலை முடிந்தது. எஞ்சியது ஞகரம்: 'எஸ்பாஞா' என்று சொல்ல நமக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

இலக்கணத்தில் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. 'நான் விரும்புகிறேன்' என்பது ஆங்கிலத்தின் வழி. நாம் இயல்பாக 'எனக்குப் பிடிக்கும்' என்போம். ஸ்பானிஷும் அப்படியே 'மெ குஸ்தா' என்கிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது', 'எனக்கு நேரம் போதவில்லை', 'எனக்குத் தோன்றுகிறது' ஆகிய எல்லாமே அங்கும் இந்த 'எனக்கு' அமைப்பில்தான் வருகின்றன. வினைச்சொல்லின் ஈற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'வரைகிறேன்' என்பதற்கு முன்னால் 'நான்' சேர்க்கத் தேவையில்லாதது போல, 'திபூஹோ' என்றாலே போதும். அதே 'திபூஹோ' பெயர்ச்சொல்லாக வந்தால் சித்திரம் என்று பொருள்.

வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், பக்கத்துக் கடையில் மலையாளம் என்று வளர்ந்த மலைப் பிள்ளைகள் இன்னொரு மொழி என்றதும் மிரள்வது எனக்கு எப்போதும் புரியாத ஒன்று.

அப்படியானால் எதுதான் கடினம்?

பால். மேசை பெண்பால், காகிதம் ஆண்பால்; ஏன் என்று கேட்கக் கூடாது. உயர்திணை, அஃறிணை என்று பகுத்துப் பழகிய நமக்கு, தூரிகைக்கு ஆண்பால் எதற்கு என்பது கடைசிவரை உறைக்காது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் பால் காட்டி வரும் 'எல்' அல்லது 'லா'வோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைகள் உள்ளமை. இதை என் மாணவர்களுக்கு நீலகிரியை வைத்தே விளக்குகிறேன். 'லா மொந்தாஞா எஸ் அசூல்' என்றால் மலை நீலம், அதாவது அதன் இயல்பே நீலம். மலைக்குப் பெயர் வைத்தவன் சொல்லக்கூடிய வாக்கியம். 'லா மொந்தாஞா எஸ்தா அசூல்' என்றால் இப்போது, இந்த வெளிச்சத்தில், இங்கிருந்து பார்க்கையில் மலை நீலமாக இருக்கிறது. கொடநாடு காட்சிமுனையில் தாளை விரித்து உட்கார்ந்திருக்கும் ஓவியன் சொல்லக்கூடிய வாக்கியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் படிக்கும் வசதிக்காக ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதாதீர்கள். தமிழ் எழுத்தில் ஒரே பகரம் இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், பிறகு உங்களுக்கே குழம்பும்.

மலையிலிருந்தபடி எப்படிப் படிப்பது? எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

இணையவழி வகுப்புதான். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்குப் புதுதில்லியில் மையம் உண்டு. அதன் இணையவழிப் படிப்புகளில் இங்கிருந்தே சேரலாம். ஸ்பானிஷ் மொழித்திறனுக்கு 'தெலே', 'சியெலே' என்று இரண்டு தேர்வுகள் உண்டு. 'தெலே' சான்றிதழ் காலாவதியாவதில்லை; 'சியெலே' சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும், முடிவு விரைவாக வரும். விண்ணப்பத்துக்கு நாள் நெருங்கியவர்கள் பின்னதையும், கால அவகாசம் உள்ளவர்கள் முன்னதையும் எடுக்கலாம். தேர்வு மையம் எதுவாக இருந்தாலும் மலையிறங்கித்தான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவது வழக்கமென்பதால், அந்த மாதங்களில் தேர்வு வைத்துக்கொண்டால் ஒருநாள் முன்னதாகவே கீழே இறங்கிவிடுங்கள்.

எந்த நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

நுண்கலைத் துறை உள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் மத்ரித், பார்சிலோனா, வலென்சியா, கிரனாதா, செவில்லா, சாலமான்கா, பில்பாவோ ஆகிய ஊர்களில் இருக்கின்றன. மத்ரித்தின் கொம்ப்ளுத்தென்சே பல்கலைக்கழகத்து நுண்கலைத் துறை, 1752இல் நிறுவப்பட்ட சான் ஃபெர்னாந்தோ அரச கலைக்கழகத்தின் பள்ளியிலிருந்து வளர்ந்தது. பிக்காசோ அங்கே 1897இல் சேர்ந்து சில மாதங்களில் வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஓவியர் சல்வதோர் தாலி 1926இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். சேர்க்கை கிடைக்காதவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

பார்சிலோனாவின் பெயருக்கு மயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே கத்தலான் மொழியும் பயிற்றுமொழி, வலென்சியாவில் வலென்சிய மொழியும் அப்படியே. அந்த மொழிகளைக் கற்பது நல்லதுதான். ஆனால் ஸ்பானிஷ் பேசிப் பழகுவதே உங்கள் முதல் நோக்கமென்றால் சாலமான்காவோ மத்ரித்தோ தெளிவான தேர்வு. கிரனாதா அழகான ஊர். சியெரா நெவாதா என்ற பனிமலை நகரத்துக்கு மேலே தெரியும், வாடகையும் மத்ரித்தைவிடக் குறைவு, மலைக்காரர்களுக்கு மனம் ஒட்டும். ஆனால் அந்த ஊர் இருக்கும் அந்தலூசியப் பகுதிக்காரர்கள் சொல்லின் கடைசி சகரத்தை விழுங்கிவிடுவார்கள். பாடநூல் ஸ்பானிஷோடு போகிறவருக்கு முதல் மூன்று மாதம் எதுவும் பிடிபடாது.

மெக்சிகோ போன்ற இலத்தீன் அமெரிக்க நாடுகளைப் பற்றி யோசிக்கலாமா?

சுவரோவியத்தில் நாட்டமுள்ளவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். தியேகோ ரிவேரா 1923 முதல் 1928 வரை கல்வி அமைச்சக வளாகத்தில் வரைந்த சுவர்கள் மெக்சிகோ நகரத்தில்தான் இருக்கின்றன. பயணச் செலவு கூடுதல். எனக்கு அங்கே படித்த அனுபவம் இல்லாததால் இதற்கு மேல் அறிவுரை சொல்வது முறையாகாது.

படைப்புத் தொகுப்பில் என்ன வைக்க வேண்டும்?

பதினைந்து முதல் இருபது படைப்புகள் போதும். எத்தனை கேட்கிறார்கள் என்பதை அந்தந்தத் துறையின் அறிவிப்பில் பாருங்கள். முடித்த ஓவியங்களுக்கு நிகராக முன்வரைவுக் குறிப்பேட்டின் பக்கங்களையும் சேர்த்தனுப்புங்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைக் குறிப்பேடுதான் காட்டிக்கொடுக்கும்.

ஓவியங்களைப் படமெடுக்க மலையில் நமக்கொரு வசதி உண்டு. மூடுபனி இறங்கிய நாளில், காலை பத்து மணி வாக்கில், வாசலில் ஓவியத்தைச் சாய்த்து வைத்து எடுத்தால், எண்ணெய் வண்ணத்தின் மேல் பளபளப்பு விழாமல், எல்லா மூலைகளிலும் வெளிச்சம் சமமாகப் படியும். சமவெளியில் இதற்காக விளக்கும் வெள்ளைத் துணியும் வாங்குகிறார்கள். பனி வெளிச்சத்தில் படம் சற்று நீலம் பாய்ந்து வருமென்பதால், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, பிறகு கணினியில் அந்தத் தாள் வெள்ளையாகும்வரை சரிசெய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தோடர் பூத்தையலின் கறுப்பு சிவப்புக் கோலங்களையும், வேங்கைப் பிசினும் இலைச்சாறும் கொண்டு ஆலு குறும்பர் வரையும் உருவங்களையும் எடுத்துத் தம் படைப்பாகவே சிலர் தொகுப்பில் வைக்கிறார்கள். தோடர் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஒரு சமூகத்தின் சொத்து. நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரென்றால் பெருமையோடு வையுங்கள். இல்லையென்றால் அவர்களிடம் கற்றதைக் கற்றதாகச் சொல்லி, எங்கே, யாரிடம் என்பதையும் எழுதுங்கள். நேர்காணலில் ஆசிரியர்கள் இதைக் குடைந்து கேட்பார்கள்.

ஆவணங்கள், விசா, செலவு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இளங்கலைப் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பையும், பின்பு ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்தில் முத்திரையையும் பெற வேண்டும். அதன்பின் ஸ்பெயின் அரசு ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஸ்பானிஷில் பெயர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முத்திரையில் உள்ளது பெயர்க்கப்படாமல் விடுபட்டு, மறுபடி பணம் கட்ட நேரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, முழுமையான மருத்துவக் காப்பீடு ஆகியவையும் வேண்டும்.

பிழைப்புக்குப் போதிய பணம் இருப்பதைக் காட்ட, 'இப்ரெம்' என்ற அரசு அளவீட்டைப் பயன்படுத்துகிறார்கள். 2023 முதல் அது மாதத்துக்கு 600 யூரோ, நம் கணக்கில் ஏறத்தாழ 60 ஆயிரம் ரூபாய். விசாவுக்கு அது போதும். மத்ரித்தில் வாழப் போதாது, அறை வாடகையே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கல்விக் கட்டணத்தை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக நிர்ணயிப்பதோடு, சில மாகாணங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அதிகமாகவும் வாங்குகின்றன. பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புக்குக் குந்தகம் இல்லாமல் வாரத்துக்கு 30 மணி நேரம்வரை வேலை செய்ய விதி இடம் தருகிறது. ஆனால் மொழி சரளமாக வராதவருக்கு யார் வேலை தருவார்கள்? உதவித்தொகைப் பட்டியல்களைப் பார்க்கும்போது, பல இலத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கு மட்டுமே உரியவை என்பதை முதல் வரியிலேயே கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முந்துஸ் கூட்டு முதுகலை உதவித்தொகைகள் நமக்கும் திறந்தவை.

போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் நகராட்சியில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். இதற்கு 'எம்பத்ரோனமியெந்தோ' என்று பெயர். நான் முதலில் குடியிருந்த அறையின் உரிமையாளர், வரிக்குப் பயந்தோ என்னவோ, பதிவுக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முன்பணத்தையும் இழந்து வேறு அறை தேட வேண்டியதாயிற்று. அறை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

முகவர் மூலம் போகலாமா?

வேண்டாம். என்னோடு விண்ணப்பித்த ஒரு நண்பர் சமவெளி நகரமொன்றில் ஒரு முகவரிடம் பெருந்தொகை கட்டினார். அவர் வாங்கித் தந்த 'சேர்க்கை' ஒரு தனியார் மொழிப் பள்ளியின் பன்னிரண்டு வாரப் படிப்புக்கானது என்பது ஊர் போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்தது. பல்கலைக்கழக விண்ணப்பங்களை நீங்களே இணையத்தில் நிரப்பலாம். அந்தப் படிவத்தை ஸ்பானிஷில் நிரப்பத் திணறுகிறீர்கள் என்றால், வகுப்பில் உட்கார இன்னும் நாளாகவில்லை என்று பொருள்.

உடல் வரைதல் வகுப்பில் ஆடையில்லாத மாடல்களை வரைய வேண்டுமாமே?

ஆம். பெற்றோர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஆகவே நேராகவே சொல்கிறேன். ஆண்களும் பெண்களும் முதியவர்களும் ஊதியத்துக்கு இந்தப் பணியைச் செய்கிறார்கள். வகுப்பில் படமெடுக்கக் கூடாது, கதவு மூடியிருக்கும், மாடலை யாரும் தொடக் கூடாது. முதல் பத்து நிமிடம் கூச்சம் இருந்தது. அதன்பின், எந்தக் காலில் எடை விழுகிறது, அதனால் எந்தப் பக்க இடுப்பு உயர்கிறது, எதிர்ப்பக்கத் தோள் எவ்வளவு தாழ்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நினைக்க நேரமில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம் என்று நிலைகள் மாறிக்கொண்டே இருக்கும். மொழி வகுப்பாகவும் அது எனக்கு உதவியது. இடுப்பு, முழங்கால், கழுத்தெலும்பு என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்ட மறுகணமே கையால் வரைய வேண்டியிருந்ததால், அவற்றில் ஒன்றுகூட இதுவரை மறக்கவில்லை.

வகுப்புக்கு வெளியே ஸ்பானிஷ் பேசிப் பழக நல்ல வழி எது?

வெளிநாட்டு மாணவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட முடியும். நானும் முதல் பருவத்தில் அப்படித்தான் இருந்தேன். என்னை மாற்றியது அருங்காட்சியகம்.

பிராதோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணிவரையும், ஞாயிறன்று 5 முதல் 7 மணிவரையும் அனுமதி இலவசம். 25 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு எப்போதுமே இலவசம். பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. நான் வயது கடந்தவன் என்பதால் இலவச நேர வரிசையில் நிற்பேன். அந்த ஊரில் சந்தையானாலும் மருத்துவமனையானாலும், வந்து சேர்பவர் 'கியென் எஸ் எல் உல்திமோ?' என்று கேட்பார். கடைசியாக நிற்பது யார் என்று பொருள். கேட்டுவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களைக் கேட்பார், பேச்சு தொடங்கிவிடும். ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்கு நேரமும் பொறுமையும் உண்டு, நம் பிழைகளைத் திருத்துவதில் ஆசிரியர்களைவிட ஆர்வமும் உண்டு.

உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. அதனால்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது. வாரத்துக்கு ஒரே ஓவியம் என்று வைத்துக்கொண்டு, சிறு குறிப்பேட்டில் பென்சிலால் அதன் அமைப்பை வரைந்து, பக்கத்தில் பத்து வாக்கியங்களை ஸ்பானிஷில் எழுதுவேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த நிறம் இருமுறை வருகிறது என்று எளிய வாக்கியங்கள்தான். ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்த மே மூன்றாம் நாள் துப்பாக்கிச் சூட்டுக் காட்சியின் முன் நான் எழுதிய பத்தில் ஆறு பிழை. மறுவாரம் வரிசையில் ஒரு முதியவரிடம் காட்டினேன். அவர் பிழைகளைத் திருத்திவிட்டு, தரையில் இருக்கும் விளக்கைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லையே என்று கேட்டார். அந்த ஓவியத்தின் வெளிச்சம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

செதுக்கச்சு படிப்பவர்கள் கோயாவின் 'கப்ரிச்சோஸ்' வரிசையை அவசியம் பாருங்கள். 1799இல் வெளிவந்த 80 படங்கள். ஏறக்குறைய ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி ஸ்பானிஷ் உண்டு. 43ஆம் படத்தில், மேசைமேல் தலை கவிழ்ந்திருப்பவனைச் சுற்றி ஆந்தைகளும் வௌவால்களும் பறக்கின்றன. அறிவின் 'சுவேஞோ' அரக்கர்களைப் பெற்றெடுக்கிறது என்பது அதன் வாசகம். 'சுவேஞோ' என்றால் தூக்கம், கனவு இரண்டும்தான். அறிவு தூங்கிவிட்டதால் அரக்கர்கள் வருகிறார்களா, அறிவு கனவு காண்பதால் வருகிறார்களா? தமிழில் பெயர்க்கும்போது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஸ்பானிஷில் தேரத் தேவையில்லை. அந்தச் செப்புத் தகடுகள் மத்ரித்தில் சான் ஃபெர்னாந்தோ கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவை தவிர, அரை மணி ஆங்கிலம், அரை மணி ஸ்பானிஷ் என்று மாறி மாறிப் பேசும் 'இந்தெர்காம்பியோ' சந்திப்புகளும், குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசு மொழிப்பள்ளிகளும் உண்டு. யாராவது வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் மறுக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து, தட்டுகளை எடுக்காமலே ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நான் எடுத்துச் சென்ற ஊட்டி வர்க்கி இரண்டு பொட்டலமும் அப்படி ஒரு பிற்பகலில் தீர்ந்தன.

ஆசிரியர்களை எப்படி அழைப்பது?

பெரும்பாலும் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைக்கிறார்கள். 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' என்ற சொல் இருந்தும், வகுப்பறையில் அதைச் சொன்னால் விலகி நிற்பதாக எண்ணுகிறார்கள். அறுபது வயது ஆசிரியையை 'நீ' என்று சொல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. மதிப்பெண் பத்துக்குத் தரப்படும், ஐந்து தேர்ச்சி. பட்டியலில் 'சுஸ்பென்சோ' என்று கண்டால் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தோல்வி என்று பொருள்.

சைவ உணவுக்கு என்ன செய்வது?

சமைக்கக் கற்றுக்கொண்டு போங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் பன்றித்தொடைத் துண்டுகளைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேர்த்தியில்லை.

ஊர் திரும்பியபின் ஸ்பானிஷ் மறந்துவிடாதா?

பேச்சு வேகம் குறையும்; ஆனால் அடியோடு போய்விடாது. நான் இன்றும் முன்வரைவுக் குறிப்புகளை ஸ்பானிஷில்தான் எழுதுகிறேன். மத்ரித்தின் வறண்ட வெயிலில் நிழல்கள் கத்தியால் வெட்டியதைப் போல விழும். இங்கே தேயிலைச் சரிவில் பனி ஏறும்போது நிழலென்று ஒன்றே இருக்காது. இரண்டு ஆண்டுகள் அங்கே பழகிய கை, வந்த புதிதில் இந்தச் சாம்பல் நிறங்களை வரையத் தடுமாறியது. எது எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்பானிஷில் எழுதிப் பார்த்துத்தான் மறுபடி பிடித்தேன்.

வரைந்தவற்றை எப்படிக் கொண்டுவருவது, எப்படிப் பாதுகாப்பது?

கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி தடித்த குழாயின்மேல் சுற்றுங்கள். உட்புறமாகச் சுற்றினால் வண்ணம் நெருக்குண்டு, விரிக்கும்போது வெடிக்கும். எண்ணெய் வண்ணம் தொட்டுப் பார்க்கக் காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே காய மாதக்கணக்காகும் என்பதால், கடைசிப் பருவத்துப் படைப்புகளைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது.

மலையில் பெரிய எதிரி பூஞ்சணம். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைக்கவே வேண்டாம். நான் கொண்டுவந்த ஒரு பெரிய கேன்வாஸை ஓர் ஐப்பசியில் பரண்மேல் போட்டு மறந்துவிட்டேன். மழை விட்டு எடுத்தபோது பின்பக்கம் முழுவதும் கருப்புப் புள்ளிகள். தை மாதத்து உறைபனிக் காலத்தில், காற்று வறண்டிருந்த இரண்டு நாட்கள், வெயில் நேரடியாகப் படாத தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தெடுத்தேன். மூலையில் பென்சிலால் எழுதியிருந்த தேதியும் 'ஓலியோ சோப்ரே லியென்சோ' என்ற வரியும் அழியவில்லை.